இரணை வளையங்கள்: இருவளைய மூலக்கூறுகளுக்குப் பெயர் வைக்கும் வழி

வன்னியில் இரட்டைப் பிள்ளைகளை இரணைப் பிள்ளைகள் என்போம். பூநகரிக் கடலில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு தீவுகளுக்கு இரணைத்தீவு என்று பெயர். இரணைமடுவின் பெயரிலும் அதே இரணைதான். ஆகவே சேதன இரசாயனத்தில் 'பைசைக்கிளிக்' என்று ஒரு சொல் வரும்போது எங்கள் பிள்ளைகள் மிரளத் தேவையில்லை. இரண்டு வளையங்கள் ஒட்டிப் பிறந்த இரணை அது.

மிரட்டுவது பெயர்தான். 1,7,7-ட்ரைமெதைல்பைசைக்கிளோ[2.2.1]எப்டன்-2-ஓன். பார்த்தால் யாரோ ரெலிபோன் நம்பரைப் பிய்த்துப் போட்ட மாதிரி இருக்கும். பொருள் வேறொன்றுமில்லை, வற்றாப்பளைப் பொங்கலுக்குத் தட்டில் ஏற்றும் கற்பூரம். இந்தக் கட்டுரையின் முடிவில் அந்தப் பெயரை நீங்களே எழுத வேண்டும். மனனம் செய்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை. வழி தெரிந்தால் போதும்.

அந்த வழியை 1900இல் தொடக்கி வைத்தவர் ஜேர்மனிய இரசாயனவியலாளர் அடோல்ப் வொன் பேயர். சாயங்கள் பற்றிய வேலைகளுக்காக 1905இல் நோபல் பரிசு பெற்றவரும் அவரே. அவருடைய முறையைத்தான், இரசாயனப் பெயர்களுக்கு விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐயூபாக் இன்றைக்கும் வைத்திருக்கிறது.

முதலில், இது இருவளையம்தானா?

கண்ணால் வளையத்தை எண்ணாதீர்கள், கத்தரிக்கோலால் எண்ணுங்கள். எத்தனை பிணைப்பை வெட்டினால் வளையமே இல்லாத சங்கிலி கிடைக்கும்? ஒரு வெட்டு என்றால் ஒற்றை வளையம், இரண்டு வெட்டு என்றால் இருவளையம். கற்பூரத்தின் ஏழு காபன் எலும்புக்கூடான பைசைக்கிளோ[2.2.1]எப்டேனைப் பார்த்தால் இரண்டு ஐந்தணு வளையமும் ஒரு ஆறணு வளையமும் தெரியும். மூன்று என்று எழுதிவிடுவார்கள். வெட்டிப் பாருங்கள், இரண்டாவது வெட்டிலேயே எல்லாம் திறந்துவிடும்.

ஐதரசனை எண்ணியும் பிடிக்கலாம். ஒவ்வொரு வளையமும் இரண்டு ஐதரசனை விழுங்குகிறது. எனவே இரட்டைப் பிணைப்பில்லாத இருவளைய ஐதரோகாபனில் காபன் n என்றால் ஐதரசன் 2n-2. மேலே சொன்ன எப்டேனில் காபன் 7, ஐதரசன் 12. மும்மைப் பிணைப்புள்ள அற்கைனுக்கும் இதே சூத்திரம்தான் என்பதால் சூத்திரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. புரோமின் நீரை ஊற்றுங்கள். அற்கைன் நிறம் நீக்கும், எங்கள் இரணை பேசாமல் இருக்கும்.

இரண்டு வளையங்கள் மூன்று விதமாக ஒட்டலாம். ஒரே ஒரு அணுவைப் பங்கிட்டால் ஸ்பைரோ. அடுத்தடுத்த இரண்டு அணுக்களையும் நடுவில் உள்ள பிணைப்பையும் பங்கிட்டால் ஒட்டிய வளையம். பங்கிடும் பகுதி அதைவிட நீண்டால் பாலமிட்ட வளையம். கடைசி இரண்டுக்கும் ஒரே பெயர்முறைதான், அதைத்தான் விரிவாகப் பார்க்கப் போகிறோம். ஸ்பைரோவுக்குப் பிறகு வருகிறேன்.

சந்தியைப் பிடி, மற்றது தானாக வரும்

இனி ஒரு வெற்றுத் தாளில் வன்னிப் படம் ஒன்றைக் கீறுங்கள். பரந்தன் சந்தியும் மாங்குளம் சந்தியும் மட்டும் போதும். இந்த இரண்டுக்கும் இடையில் மூன்று வழிகள் உண்டு. ஏ9 வீதியில் நேராகப் போனால் கிளிநொச்சி, முறிகண்டி. கிழக்கால் சுற்றினால் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான். மேற்கால் சுற்றினால் பூநகரி, வெள்ளாங்குளம், மல்லாவி. இடையில் இன்னும் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன, குறுக்கு வீதிகளும் இருக்கின்றன. கோபிக்க வேண்டாம், பாடத்துக்காக விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு ஊரும் ஒரு காபன், ஒவ்வொரு வீதித் துண்டும் ஒரு பிணைப்பு. உங்கள் கையில் இருப்பது ஒரு இருவளைய மூலக்கூறு.

படி 1: சந்திகளைக் கண்டுபிடியுங்கள். மூன்று வழிகளும் கூடும் அணுக்கள் இரண்டு உண்டு. புத்தகத்தில் அவற்றைப் பாலத்தலை அணுக்கள் என்பார்கள், நான் சந்தி என்றே சொல்வேன். எங்கள் படத்தில் பரந்தனும் மாங்குளமும். பெயரீட்டில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. ஒரு மெதைல் கூட்டம் (ஒரு காபனும் மூன்று ஐதரசனும்) தொங்கும் காபனிலும் மூன்று காபன்கள் இணைந்திருக்கும், அதைச் சந்தி என்று எடுத்துவிடுவார்கள். மெதைல் ஒரு முட்டுச்சந்து. அதற்குள் போனால் திரும்பி வரத்தான் வேண்டும். மூன்று பக்கமும் போய் மற்றச் சந்தியை அடைய முடிகிறதா என்று பாருங்கள்.

படி 2: சந்திகளை விட்டுவிட்டு ஒவ்வொரு வழியிலும் உள்ள அணுக்களை எண்ணுங்கள். கிழக்கில் 4, மேற்கில் 3, நடுவில் 2. பெரியதிலிருந்து சிறியதாக, நடுவில் புள்ளி வைத்து, சதுர அடைப்புக்குள் எழுதுங்கள்: [4.3.2]. காற்புள்ளி போடக்கூடாது. [2.3.4] என்றும் எழுதக்கூடாது.

நான் படித்த காலத்தில் சந்திகளையும் சேர்த்தே எண்ணிக்கொண்டிருந்தேன். சொல்லித் தந்தவர் பிழையாகச் சொன்னாரோ, நான்தான் பிழையாகக் கேட்டேனோ தெரியாது. [2.2.1] வர வேண்டிய இடத்தில் [4.4.3] என்று ஒரு தவணை முழுக்க எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

படி 3: மொத்த அணுக்கள். அடைப்புக்குள் உள்ள மூன்றையும் கூட்டி இரண்டைச் சேருங்கள், அந்த இரண்டும் சந்திகள். 4+3+2+2=11. பதினொரு காபன் அற்கேன் அண்டெக்கேன். ஆகவே எங்கள் வன்னிப் படத்தின் பெயர் பைசைக்கிளோ[4.3.2]அண்டெக்கேன். வளையத்தில் இல்லாத காபன்களை, அதாவது தொங்கும் மெதைல்களை, இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. கற்பூரத்தில் காபன் 10 இருந்தும் பெயர் எப்டேனில் முடிவதற்குக் காரணம் இதுதான்.

படி 4: இலக்கமிடுங்கள். ஒரு சந்தியில் 1 என்று தொடங்குங்கள். மிக நீண்ட வழியால் போங்கள். மற்றச் சந்தியைக் கடந்து, அடுத்த நீளமான வழியால் வந்த சந்திக்கே திரும்புங்கள். பிறகு மிகக் குறுகிய பாலத்தை, 1ஆம் சந்திக்குக் கிட்டிய அணுவிலிருந்து எண்ணுங்கள்.

பரந்தனில் தொடங்கினால்: பரந்தன் 1, விசுவமடு 2, புதுக்குடியிருப்பு 3, முல்லைத்தீவு 4, ஒட்டுசுட்டான் 5, மாங்குளம் 6, மல்லாவி 7, வெள்ளாங்குளம் 8, பூநகரி 9. பஸ் பரந்தனுக்குத் திரும்பிவிட்டது. இனி ஏ9: கிளிநொச்சி 10, முறிகண்டி 11.

ஒரு குறுக்குக் கணக்கு: இரண்டாவது சந்தியின் இலக்கம் எப்போதும் அடைப்பின் முதல் எண்ணுடன் 2. இங்கே 4+2=6, மாங்குளம். [2.2.1]இல் 4. [4.4.0]இல் 6. எழுதிய விடையைச் சரிபார்க்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

படி 5: எந்தச் சந்தியில் தொடங்குவது? மேலுள்ள விதிகளுக்குள் நின்றுகொண்டே தெரிவு செய்யும் இடம் இது. கிளிநொச்சியில் ஒரு மெதைல் இருக்கிறது என்று வையுங்கள். பரந்தனில் தொடங்கினால் அது 10, மாங்குளத்தில் தொடங்கினால் 11. சிறியதே வெல்லும்: 10-மெதைல்பைசைக்கிளோ[4.3.2]அண்டெக்கேன்.

இப்போது முல்லைத்தீவில் ஒரு கீற்றோனையும் (ஒட்சிசனோடு இரட்டைப் பிணைப்பிட்ட காபன், பெயரின் வாலில் 'ஓன்') வையுங்கள். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் 2, முல்லைத்தீவு 3. பரந்தனிலிருந்து வந்தால் 4. பெயரின் வாலில் நிற்கும் தொழிற்படு கூட்டத்துக்கே முதல் உரிமை, மெதைல் காத்திருக்க வேண்டும். எனவே மாங்குளம் 1. கிளிநொச்சி மெதைல் 11க்குப் போகிறது: 11-மெதைல்பைசைக்கிளோ[4.3.2]அண்டெக்கன்-3-ஓன். மெதைலுக்குப் பெரிய எண் கிடைத்துவிட்டதே என்று கவலைப்பட ஒன்றுமில்லை.

முன்னுரிமை வரிசை இப்படி: முதலில் வளையத்துக்குள் இருக்கும் ஒட்சிசன், கந்தகம், நைதரசன் போன்ற அந்நிய அணுக்கள். அடுத்தது வாலில் வரும் தொழிற்படு கூட்டம். பிறகு இரட்டை, மும்மைப் பிணைப்புகள். கடைசியில் மெதைல், குளோரோ போன்ற தொங்கல்கள்.

இரட்டைப் பிணைப்பில் ஒரு பொறி இருக்கிறது. பொதுவாக ஒரு எண் எழுதினால் அடுத்தது தானாகப் புரியும், 2-ஈன் என்றால் 2க்கும் 3க்கும் இடையில். ஆனால் [4.4.0]டெக்கேனில் இரண்டு சந்திகளுக்கும் நடுவே இரட்டைப் பிணைப்பு வந்தால் அது 1க்கும் 6க்கும் இடையில். அப்போது இரண்டையும் எழுத வேண்டும்: பைசைக்கிளோ[4.4.0]டெக்-1(6)-ஈன்.

குரும்பட்டியும் ஈர்க்கும்

மூலக்கூறு மாதிரிப் பெட்டி எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருக்காது. குரும்பட்டித் தேர் கட்டத் தெரிந்த பிள்ளைக்கு அது தேவையும் இல்லை. ஏழு குரும்பட்டி, எட்டுத் துண்டு ஈர்க்கு எடுங்கள். ஆறு குரும்பட்டியை வளையமாகக் குத்துங்கள். எதிரெதிரே உள்ள இரண்டை மேல்நோக்கி மடித்தால் வள்ளம் மாதிரி வரும். அணியமும் கடையாரும் போல நிற்கும் அந்த இரண்டையும் ஏழாவது குரும்பட்டியால் மேலே இணைத்துவிடுங்கள். அதுதான் பைசைக்கிளோ[2.2.1]எப்டேன், செல்லப் பெயர் நோபோனேன்.

இதைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் மற்றது விளங்கும். சாதாரண சைக்கிளோஎக்சேன் கதிரை அமைப்பில் நிம்மதியாக இருக்கும், விரும்பினால் புரளும். இங்கே மேல் பாலம் அதை வள்ளமாகவே பிடித்து வைத்திருக்கிறது, புரள முடியாது. அதனால் 2ஆம் காபனில் ஒரு கூட்டத்தை வைத்தால் அதற்கு இரண்டு நிரந்தர நிலைகள். ஏழாவது அணு இருக்கும் மேல்பக்கம் பார்த்தால் எக்சோ, வள்ளத்தின் வயிற்றுப் பக்கம் பார்த்தால் என்டோ. கற்பூரத்தை ஒடுக்கினால் (அதாவது ஐதரசன் ஏற்றினால்) கிடைக்கும் அற்ககோலில் இந்த வித்தியாசம் பெயரையே மாற்றுகிறது. என்டோ என்றால் போர்னியோல், எக்சோ என்றால் ஐசோபோர்னியோல். இலிதியம் அலுமினியம் ஐதரைட்டால் ஒடுக்கும்போது பெரும்பாலும் ஐசோபோர்னியோல்தான் வருகிறது. மேல் பாலத்தில் இரண்டு மெதைல்கள் குந்தியிருப்பதால் ஐதரைட்டு வயிற்றுப் பக்கத்தால்தான் நுழைய முடிகிறது, ஒட்சிசன் மேலே தள்ளப்படுகிறது.

ஒட்டிய வளையத்துக்கு டெக்கலின் நல்ல உதாரணம். அலுமாரியில் போடும் பூச்சி உருண்டைகளில் ஒருவகை நப்தலீன். அதற்கு ஐதரசனை முழுக்க ஏற்றினால் டெக்கலின். இரண்டு சந்திகளும் நேரடியாகப் பிணைந்திருப்பதால் மூன்றாவது பாலத்தில் அணு இல்லை, அதை 0 என்று எழுதியே ஆக வேண்டும்: பைசைக்கிளோ[4.4.0]டெக்கேன். சந்திகளில் உள்ள ஐதரசன்கள் ஒரே பக்கம் என்றால் சிஸ், எதிர்ப்பக்கம் என்றால் ட்ரான்ஸ். ட்ரான்ஸ் உறுதி கூடியது, ஆனால் விறைப்பு, புரளாது. சிஸ் புரளும்.

இனிக் கற்பூரம்

கற்பூரத்தின் அமைப்பை 1893இல் சரியாகச் சொன்னவர் யூலியஸ் பிரெட். வளையத்தில் ஏழு காபன்கள், வழிகள் 2, 2, 1. ஆகவே பைசைக்கிளோ[2.2.1]எப்டேன். தொங்குபவை: ஒரு சந்தியில் ஒரு மெதைல், ஒற்றைக் காபன் பாலத்தில் இரண்டு மெதைல்கள், மெதைல் உள்ள சந்திக்குப் பக்கத்தில் ஒரு கீற்றோன்.

நீண்ட வழிகள் இரண்டும் சமம் என்பதால் எண்ணத் தொடங்க நான்கு விதம் உண்டு: எந்தச் சந்தி, எந்தப் பக்கம். அந்த நான்கில் கீற்றோனுக்கு 2 கிடைப்பது ஒன்றில் மட்டும், மெதைல் உள்ள சந்தியை 1 ஆக்கி கீற்றோன் பக்கம் நடந்தால். சந்தி மெதைல் 1. ஒற்றைப் பாலம் எப்படி எண்ணினாலும் 7. எழுதுங்கள்: 1,7,7-ட்ரைமெதைல்பைசைக்கிளோ[2.2.1]எப்டன்-2-ஓன்.

இரண்டு சந்திகளும் சமச்சீரற்ற காபன்கள், அதாவது நான்கு வெவ்வேறு கூட்டங்கள் இணைந்தவை. கணக்குப்படி நான்கு முப்பரிமாண வடிவங்கள் வர வேண்டும், உலகத்தில் இருப்பவை இரண்டு மட்டும். ஒரு காபன் பாலத்தால் இரண்டு சந்திகளையும் எதிர்ப்பக்கமாக இழுத்துக் கட்ட முடியாது. குரும்பட்டியில் முயன்று பாருங்கள், ஈர்க்கு முறியும்.

கடையில் விற்கும் கற்பூரம் பெரும்பாலும் மரத்திலிருந்து வருவதில்லை. பைன் மரத்து டேர்பன்டைனில் உள்ள அல்பா-பைனீனிலிருந்து தொழிற்சாலையில் செய்வது. பைனீனின் பெயர் 2,6,6-ட்ரைமெதைல்பைசைக்கிளோ[3.1.1]எப்ட்-2-ஈன். அடைப்பைக் கவனியுங்கள், [3.1.1]. அமிலம் பட்டதும் ஒரு பிணைப்பு இடம்மாறி, நெருக்கடியான நான்கணு வளையம் விரிந்து [2.2.1] ஆகிறது. இரண்டு பெயர்களையும் பக்கத்தில் வைத்தால் தாக்கத்தின் கதை முழுவதும் அடைப்புக்குள்ளேயே எழுதியிருக்கும். இந்தப் பெயர்முறையை எனக்குப் பிடிக்கக் காரணம் இதுதான்.

அந்நிய அணு வந்தால்

யூக்கலிப்டஸ் தைலத்தின் வாசனைக்குக் காரணமான சினியோலில் ஒட்சிசன் வளையத்துக்குள்ளேயே இருக்கிறது. வழிகள் 2, 2, 2. அந்நிய அணுவைக் காபனாகவே எண்ணி ஒக்டேன் என்று முடித்து, முன்னால் ஒக்சா சேருங்கள்: 1,3,3-ட்ரைமெதைல்-2-ஒக்சாபைசைக்கிளோ[2.2.2]ஒக்டேன். போத்தலில் 1,8-சினியோல் என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். அது பழைய வேறொரு இலக்கமிடல், எங்கள் 1க்கும் 2க்கும் அதனோடு உறவில்லை.

வேலியோரத்து ஊமத்தை நல்ல பாடம் ஒன்று சொல்லித் தரும். அதிலுள்ள அத்திரோப்பீன் வகை அல்கலோயிட்டுகளின் எலும்புக்கூடு 8-மெதைல்-8-அசாபைசைக்கிளோ[3.2.1]ஒக்டேன். அசா என்றால் நைதரசன். அந்நிய அணுவுக்கு முதல் உரிமை என்றேன், பிறகேன் நைதரசனுக்குக் கடைசி எண்? நைதரசன் ஒற்றை அணுப் பாலத்தில் நிற்கிறது. பெரிய வழி, அடுத்த வழி, கடைசியில் பாலம் என்ற நடை எதற்காகவும் மாறாது. முன்னுரிமை எல்லாம் அந்த நடைக்குள்தான். (வயலுக்கு அடிக்கும் சேதன பொசுபரசு மருந்து உடம்பில் ஏறினால் ஆசுபத்திரியில் ஏற்றும் மருந்தும் அத்திரோப்பீன்தான். அதற்காக யாரும் ஊமத்தையில் கைவைக்க வேண்டாம், நஞ்சு.)

பெனிசிலினிலும் இரணைதான். 1928இல் பிளெமிங் கண்டதன் அமைப்பை 1945இல் டொரதி ஹொட்கின் எக்ஸ் கதிரால் உறுதிசெய்தபோது, நான்கணு வளையமும் ஐந்தணு வளையமும் ஒட்டிக் கிடந்தன: 4-தையா-1-அசாபைசைக்கிளோ[3.2.0]எப்டேன். தையா என்றால் கந்தகம். சந்தியிலேயே நைதரசன். அதை 1 ஆக்கினால் அந்நிய அணுக்களுக்கு 1, 4. மற்றச் சந்தியில் தொடங்கினால் 2, 5. முதல் எண்ணே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

வரக்கூடாத இடத்தில் இரட்டைப் பிணைப்பு

பயிற்சிக்காகப் பிள்ளைகள் கற்பனையில் மூலக்கூறு கீறும்போது நோபோனேனின் சந்தியில் இரட்டைப் பிணைப்பைப் போட்டுவிடுவார்கள். பெயர் எழுதலாம், எப்ட்-1-ஈன் என்று. பொருளைப் போத்தலில் வைக்க முடியாது. இரட்டைப் பிணைப்பைச் சுற்றி அணுக்கள் தட்டையாகப் படுக்க வேண்டும், சிறிய வளையத்தின் சந்தி அதற்கு விடாது. கற்பூரத்தின் அமைப்பைச் சொன்ன அதே பிரெட் 1924இல் விதியாக்கியதால் இது பிரெட் விதி. வளையம் பெரிதானால் விதி தளரும், பைசைக்கிளோ[3.3.1]நொன்-1-ஈனை 1967இலேயே செய்துவிட்டார்கள். 2024இல் கலிபோர்னியாவில் நீல் கார்க் குழுவினர் விதியை மீறும் சிறிய மூலக்கூறுகளையும் தாக்கத்தின் நடுவே கணநேரம் உண்டாக்கி, வேறொரு மூலக்கூறால் பிடித்துக் காட்டினார்கள். பரீட்சையில் நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

ஸ்பைரோ சுருக்கமாக: சந்தி ஒன்றுதான், ஆகவே எண்களும் இரண்டுதான். இங்கே எல்லாம் தலைகீழ். சிறியது முன்னால் வரும், ஸ்பைரோ[4.5]டெக்கேன். எண்ணத் தொடங்குவதும் சந்தியில் அல்ல, சிறிய வளையத்தில் சந்திக்குப் பக்கத்து அணுவில். மொத்தத்துக்கு 1 கூட்ட வேண்டும்.

வன்னிப் படத்தைப் பலகையில் கீறி முடித்த ஒரு நாள், பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி எழும்பினாள். "சேர், புதுக்குடியிருப்பிலயிருந்து ஒட்டுசுட்டானுக்கு நேர் றோட்டு ஒண்டு இருக்கே, அதை ஏன் விட்டனீங்கள்?" அவளுடைய வீடு அந்த வீதியில்தான். சரி, போட்டுப் பார்ப்போம் என்றேன். வெட்டு மூன்றாகிவிட்டது, ஆகவே ட்ரைசைக்கிளோ. பழைய [4.3.2] அப்படியே நிற்கும், புதிய வீதியில் ஊர் எதுவும் இல்லாததால் நான்காவது எண் 0. அது எந்த இரண்டு அணுக்களை இணைக்கிறது என்பதை 0இன் தலையில் சிறிதாக எழுத வேண்டும். பரந்தனில் தொடங்கினால் 3, 5. மாங்குளத்தில் தொடங்கினால் 2, 4. அவளே பலகைக்கு வந்து எழுதினாள்: ட்ரைசைக்கிளோ[4.3.2.0²,⁴]அண்டெக்கேன்.